தூளிக்கு எதிரே ஒரு பெட்டி

உங்கள் வீட்டுக்கு டிவி எந்த வருஷம் வந்தது?

யோசிக்கவே வேண்டாம். கல்யாண நாளை மறந்துபோகிற ஆண்களுக்குக்கூட இது ஞாபகம் இருக்கும். சிலருக்கு 1983, கபில்தேவ் உலகக் கோப்பையைத் தூக்கிய வருஷம். சிலருக்கு 1984, இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலம். ராமாயணத்துக்காகவே வாங்கியவர்களுக்கு 1987. ஏகப்பட்ட பேருக்கு 2006-க்கு அப்புறம், ரேஷன் கார்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்த பதினாலு இன்ச் கலர் டிவி.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. அந்த டிவிக்கு முன்னால் உங்கள் வீட்டுக் கைக்குழந்தையை முதன்முதலாக உட்கார வைத்தது யார்? எதற்காக?

பதில் வராது. ஏனென்றால் யாரும் உட்கார வைக்கவில்லை. குழந்தை ஏற்கெனவே அந்த அறையில்தான் இருந்தது. டிவிதான் பின்னால் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை டிவி பார்த்தால் என்ன ஆகும் என்று நாம் ஐம்பது வருஷமாக வீட்டுக்கு வீடு சண்டை போட்டிருக்கிறோம். பால் குடிக்கிற பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது ரொம்பவும் பிந்தித்தான். அந்தக் கதையைப் பார்க்கத் தோதான ஓர் இடம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக வருமே, அந்தத் தோல் பட்டணங்கள். (2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். நம் வசதிக்கு எல்லாவற்றையும் வேலூர்ப் பக்கம் என்றே சொல்லிக்கொள்வோம்.)

ஏன் இந்த ஊர்கள்? இங்கேதான் வீட்டுக்குள் டிவி நுழைந்ததும், வீட்டைவிட்டு அம்மா வேலைக்குப் போனதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன.

முதலில் அம்மா கதை. 1970-கள் வரைக்கும் இந்த ஊர்களின் தொழில் என்பது தோலைப் பதப்படுத்துவது மட்டும்தான். அதுவும் முழுசாக இல்லை. அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மிச்ச வேலையை வெளிநாட்டுக்காரன் செய்து, ஷூவாக்கி, நல்ல விலைக்கு விற்றுக்கொள்வான். டேனரி வேலை எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கே மூக்கு சொல்லியிருக்கும். சுண்ணாம்புத் தொட்டி, ஈரத் தோலின் கனம், பெரிய உருளைகள். பெரும்பாலும் ஆண்கள் வேலை.

1973-ல் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. பச்சைத் தோல் ஏற்றுமதி கூடாது. அரைகுறைத் தோலுக்குக் கோட்டா. முழுசாகப் பதனிட்டு அனுப்பு, முடிந்தால் செருப்பாகவும் ஷூவாகவும் தைத்தே அனுப்பு! முதலாளிகள் முதலில் புலம்பினார்கள். பிறகு ஷூ கம்பெனிகளைத் திறந்தார்கள். ஷூ என்றால் தையல். ஷூவின் மேல்பாகத்தை ‘அப்பர்’ என்பார்கள். அதை வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும், பசை தடவ வேண்டும், தைக்க வேண்டும். இதற்குக் கம்பெனிகள் தேடியது பெண்களை. அடுத்த இருபது, முப்பது வருஷத்தில் ஆம்பூரைச் சுற்றியிருக்கும் கிராமங்களுக்கெல்லாம் கம்பெனி பஸ் வர ஆரம்பித்துவிட்டது. விடிந்ததும் டிபன் பாக்ஸோடு ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

அதற்கு முன்னால் அந்தப் பெண்கள் வேலைக்கே போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார்கள்! நாற்று நட, களை எடுக்க, கடலை பிடுங்க. ஆனால் குழந்தையும் கூடவே போகும். வரப்போரத்து வேப்பமரத்தில் புடவையால் தூளி கட்டி, ஒரு பெரிய குழந்தையைக் காவலுக்கு வைத்துவிட்டு அம்மா வயலில் இறங்குவாள். அழுகைச் சத்தம் காதில் விழும் தூரம்தான். கம்பெனி கேட்டைத் தாண்டித் தூளி போக முடியாது. அங்கேதான் சிக்கல்.

இப்போது பெட்டியின் கதை. டெல்லியில் 1959-லேயே டிவி வந்துவிட்டது என்றாலும் நமக்கு 1975, ஆகஸ்ட் 15. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அன்றைக்குத்தான் தொடங்கியது. அதே மாதம் 1-ம் தேதி, அமெரிக்காவிடம் கடன் வாங்கிய செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டும் ‘சைட்’ திட்டமும் ஆரம்பமானது. விக்ரம் சாராபாயின் கனவு அது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், சாயங்காலம் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அரசாங்கம் டிவியை என்னவாக நினைத்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. டிவி ஒரு வாத்தியார். வாத்தியாரிடம் படிக்க ஐந்து வயசாவது ஆக வேண்டாமா? ஆகவே, கைக்குழந்தை யாருடைய திட்டத்திலும் இல்லை.

வேலூருக்கும் சென்னைக்கும் நடுவே நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆம்பூர் இன்னும் ஐம்பது. மொட்டை மாடியில் உயரமான கம்பம் நட்டு, மீன்முள் மாதிரி ஆன்டெனா கட்டி, பூஸ்டர் மாட்டினால் படம் தெரியும். அல்லது தெரிகிற மாதிரி இருக்கும். ஒருவர் மேலே ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து, “இப்ப வருது... போச்சு... போச்சு... ஆங், அங்கேயே வெச்சுக்க!” என்று கத்திய காட்சி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 1984-ல்தான் நாடு முழுக்கச் சின்னச் சின்ன ரிலே நிலையங்களை மளமளவென்று திறந்து, இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டினார்கள்.

தெருவுக்கு ஒரு டயனோராவோ சாலிடரோ இருந்த காலம் அது. மரக் கதவை இழுத்துத் திறந்தால் உள்ளே பெட்டி. அதற்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் வேறு! வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை சினிமா. நாற்காலியில் பெரியவர்கள், தரையில் பிள்ளைகள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சில பேர். யார் உள்ளே, யார் ஜன்னலுக்கு வெளியே என்பதைப் பார்த்தாலே அந்தத் தெருவின் சாதியும் வசதியும் தெரிந்துவிடும்.

அன்றைய பெற்றோருக்கு டிவி மேல் இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். கண்! “எட்டி உட்காரு, கண்ணு கெட்டுப்போயிடும்.” இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை கிடையாது. திரைக்கு முன்னால் நீலக் கண்ணாடி மாட்டினவர்களும் உண்டு. அடுத்த பயம் பரீட்சை. மார்ச் மாதம் வந்தால் டிவிக்குத் துணி போர்த்திவிடுவார்கள். மடியில் கிடந்த குழந்தையைப் பற்றி யாருக்கும் ஒரு பயமும் இல்லை. வெளிச்சம் அசைவதைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டினால், “பாரு, பாட்டு கேக்குது!” என்று பெருமைதான்.

பயப்படவும் காரணம் இல்லை என்பதுதான் உண்மை. ‘கண்மணிப் பூங்கா’ வாரத்தில் கொஞ்ச நேரம். மற்றபடி ‘வயலும் வாழ்வும்’ பார்த்து எந்தக் குழந்தை கெட்டுப்போகும்? ஒளிபரப்பே நாளுக்குச் சில மணி நேரம்தான். கட்டுப்பாடு பெற்றோர் கையில் இல்லை, தூர்தர்ஷன் கையில் இருந்தது. நிகழ்ச்சி முடிந்தால் பெட்டி இருட்டிவிடும். அப்போது நாம் அதைத் திட்டினோம். இன்றைக்கு எத்தனை அம்மாக்கள் அந்த இருட்டுக்கு ஏங்குகிறார்கள் தெரியுமா?

1993, ஏப்ரல் 14. சன் டிவி. அது முதலில் சில மணி நேரம்தான் ஓடியது. பிறகு நாள் முழுக்க. தெருக்கம்பங்களில் கறுப்பு கேபிள் வயர் ஓடியது. 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. தூர்தர்ஷனும் சும்மா இல்லை, 1997-ல் ‘சக்திமான்’ வந்தார். மாடியிலிருந்து குதித்தால் சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி அடிபட்ட பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த வேஷம் கட்டிய முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, “யாரும் இப்படிச் செய்யாதீர்கள்” என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பெற்றோரின் பயம் கண்ணிலிருந்து மனசுக்கு இறங்கிய காலம் இது.

ஆனால் கூடவே ஓர் ஆசையும் முளைத்தது. “கார்ட்டூன் பார்த்துப் பார்த்தே எங்க பையன் இங்கிலீஷ் பேசறான்!” இந்தப் பெருமையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மெட்ரிக் பள்ளிக்கூடங்கள் புற்றீசல்போல் வந்த காலம், ஃபீஸ் கட்டியும் வராத இங்கிலீஷை இலவசமாகக் கற்றுத்தருகிறது என்றால் டிவியை யார் வெறுப்பார்கள்? வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் இது இன்னும் சுவாரசியம். அங்கே தெருவில் இறங்கினாலே தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் காதில் விழும். யாரும் சொல்லித்தராமல் மூன்றையும் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் அந்த ஊர்களில் சர்வசாதாரணம். நான்காவதைப் பெட்டி கற்றுத்தரும் என்று பெற்றோர் நம்பினார்கள். தெருவில் மொழியைப் பேசிக் கற்றுக்கொடுத்தது இன்னொரு மனிதப் பிறவி என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பின்னால் இதுதான் பெரிய விஷயமாகப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2006 தேர்தல். இலவச கலர் டிவி தருவோம் என்றது தி.மு.க. ஜெயித்தது. அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று விநியோகம் தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்கும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் வீடுகளுக்குப் போய்விட்டன. இது சரியா தப்பா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனது. 2013-ல், ‘இப்படி வாக்குறுதி தருவதை ஊழல் நடவடிக்கை என்று சட்டப்படி சொல்ல முடியாது, ஆனால் தேர்தல் கமிஷன் இதற்கு நெறிமுறை வகுக்க வேண்டும்’ என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் அரசு சொன்ன நோக்கம் என்ன தெரியுமா? கிராமத்துக் குடும்பப் பெண்களுக்குப் பொழுதுபோக்கும் பொது அறிவும்! டிவி வாங்கும் வசதியில்லாத வீடு என்று ஒன்று தமிழ்நாட்டில் இனி இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் தப்பு சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் பிள்ளைகளுக்கு உள்ளே இடம் கிடைத்த மாதிரிதான் அது. ஆனால் அந்த நோக்கத்திலும் பாருங்கள், குழந்தை என்ற வார்த்தையே இல்லை. பெட்டிக்கு எதிரே அதிக நேரம் இருக்கப் போகிறவர் யார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷமே விடை வந்துவிட்டது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி. முழுக்க முழுக்கத் தமிழில், குழந்தைகளுக்கென்றே ஒரு சேனல். டோரா தமிழ் பேசினாள். ஜாக்கி சான் தமிழ் பேசினார். வீட்டில் இலவச டிவி, மாசம் கொஞ்சம் கேபிள் காசு, நாள் பூராவும் பொம்மைப் படம். பிறகு என்ன? ஒரு வாய் சோற்றுக்கு ஒரு டோரா!

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வரலாம். அங்கே இதே நேரத்தில் வேறொரு நாடகம்.

1996-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜூலி எய்க்னர் கிளார்க் என்ற அம்மா, தன் கைக்குழந்தையை மனசில் வைத்து வீட்டிலேயே ஒரு வீடியோ எடுத்தார். பொம்மைகள், வண்ணங்கள், இசை. ‘பேபி ஐன்ஸ்டீன்’ என்று பெயர். பெயரைப் பாருங்கள்! எந்தப் பெற்றோருக்குத்தான் சபலம் தட்டாது? வீடியோக்கள் பறந்தன. 2001-ல் டிஸ்னி கம்பெனியே அதை விலைக்கு வாங்கிவிட்டது. 2007 ஜனவரியில் அதிபர் புஷ் நாடாளுமன்ற உரையில் அந்த அம்மாவைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

ஏழு மாதம்கூட நீடிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எட்டிலிருந்து பதினாறு மாதக் குழந்தைகளில், தினமும் இந்த மாதிரிக் குழந்தை வீடியோ ஒரு மணி நேரம் பார்க்கிறவை, பார்க்காதவற்றைவிட ஆறு முதல் எட்டு வார்த்தை குறைவாகத் தெரிந்துவைத்திருக்கின்றன என்றது அது. டிஸ்னி கொதித்தது. அறிக்கையை வாபஸ் வாங்கச் சொன்னது. பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. 2009-ல் டி.வி.டி. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக டிஸ்னி அறிவித்தது. (பின்னால் வேறு சிலர் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, முடிவு அவ்வளவு உறுதியானதில்லை என்றும் எழுதினார்கள். அறிவியலில் இப்படித்தான், கடைசி வார்த்தை என்று ஒன்று லேசில் வராது.)

அதே குழு பெற்றோர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டது. ரெண்டு வயசுகூட ஆகாத பிள்ளைக்கு ஏன் டிவி போடுகிறீர்கள்? 29 சதவீதம் பேர், குழந்தையின் மூளைக்கு நல்லது, படிப்பு வரும் என்றார்கள். 23 சதவீதம், குழந்தைக்குப் பிடிக்கிறது என்றார்கள். 21 சதவீதம் பேர்தான் உண்மையைப் போட்டு உடைத்தார்கள். எங்களுக்கு வேலை இருக்கிறது, அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1999-லேயே சொல்லிவிட்டது, இரண்டு வயது வரை டிவி வேண்டாம் என்று. அப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். ஆனால் 2003-ல் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் என்ற பேராசிரியை ஒரு சோதனை செய்தார். அது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒன்பது மாதக் குழந்தைகள். இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ந்தவை. ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து கதை படித்தார், பொம்மை காட்டி விளையாடினார். மொத்தம் பன்னிரண்டு வகுப்பு. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆள், அதே கதை, அதே பொம்மை. ஆனால் டிவியில். முடிவில் நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழி ஒலிகளை அழகாகப் பிரித்துக் கண்டுகொண்டன. டிவியில் பார்த்தவை? பூஜ்யம்! சீன மொழியே கேட்காத குழந்தைகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆம்பூர்த் தெருவில் மூன்று மொழி பிடித்த பிள்ளையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ஆயா கன்னத்தைக் கிள்ளி உருதுவில் கொஞ்சினாள். பிள்ளை அவள் வாயைப் பார்த்தது, திருப்பி ஏதோ உளறியது, அவள் சிரித்தாள். கற்றது அந்தச் சிரிப்பில். டோரா கேள்வி கேட்பாள், சில நொடி காத்திருப்பாள், குழந்தை என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் “சபாஷ்” என்பாள். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைக்கு அது நல்ல விளையாட்டு, மறுக்கவில்லை. ஒன்பது மாதத்துக்கு அது வெறும் வெளிச்சம்.

“எங்க வீட்ல குழந்தைக்கு டிவி போடறதே இல்ல சார், நாங்கதான் சீரியல் பார்ப்போம்” என்கிறீர்களா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2009-ல் வந்தது. குழந்தைகளின் சட்டையில் சின்ன ரெக்கார்டர் பொருத்தி, நாள் முழுக்க அவை கேட்கும் பேச்சை அளந்தார்கள். அறையில் டிவிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் வாயிலிருந்து குழந்தை கேட்கும் வார்த்தைகள் சுமார் 770 குறைந்தன. டிவி குழந்தையை ஒன்றுமே செய்யவில்லை. நம் வாயைத்தான் அடைத்தது. சித்தியும் மெட்டி ஒலியும் ஓடிய அந்த வருஷங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனை லட்சம் வார்த்தைகள் பேசப்படாமல் போயிருக்கும்? நல்ல வேளையாக 2008-க்கு அப்புறம் மின்வெட்டு வந்தது என்றுகூடச் சொல்லலாம். சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத 2012-ல், “டிவி இல்லாம சாப்பிட மாட்டேங்குது” என்று அம்மாக்கள் தலையில் கைவைத்துக்கொண்டதும், வேறு வழியில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து நிலாவையும் நாயையும் காட்டியதும் ஒரே சாயங்காலத்தில் நடந்தது.

இதுவரைக்கும் எல்லாம் சரி. மருத்துவர்கள் சொல்வது சரி. 2019 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும் அதையே சொன்னது. ஒரு வயசுக்குள் திரையே கூடாது, ரெண்டு வயசு வரை தவிர்ப்பது நல்லது, அதற்கு மேல் நாலு வயசு வரை ஒரு மணி நேரத்துக்குள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ரெண்டு வயசு வரை திரை வேண்டாம் என்றது. (தூரத்திலிருந்து அப்பா பேசும் வீடியோ கால் பரவாயில்லை என்று அமெரிக்க மருத்துவர்கள் 2016-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். துபாய்க்கும் சவூதிக்கும் ஆள் அனுப்பிய வீடுகள் நிம்மதியாக இருக்கலாம்.)

கேள்வி என்னவென்றால், அந்த ரெண்டு வருஷம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

வேலூர்ப் பக்கத்தில் கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே ஷூ தைக்கிற பெண்கள் ஏராளம். வெட்டிய தோல் துண்டுகளை ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். கையால் ஊசி கோத்து அப்பர் தைத்து முடித்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆம்பூரில் இப்படித் தைக்கிற பெண்களைப் பற்றி 2016-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள் அறிக்கையே வெளியிட்டிருக்கின்றன. கம்பெனி மஸ்டர் ரோலில் அவர்கள் பெயர் இருக்காது. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. ஐரோப்பாவில் யாரோ போட்டுக்கொண்டு நடக்கிற ஷூவில் அவர்கள் விரல் வலி இருக்கும், அவ்வளவுதான். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் போனால் இதே கதை பீடியில். மடியில் முறம், எதிரே குழந்தை.

வீட்டில்தானே இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டுமே என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். கையில் ஊசி, பக்கத்தில் கத்தி, பசை டப்பா. தவழ ஆரம்பித்த பிள்ளை அதை நோக்கித்தான் வரும். பிள்ளை கிட்டே வராமல், அழாமல், ஒரே இடத்தில் இருந்தால்தான் ஜோடி எண்ணிக்கை ஏறும். டிவியைப் போட்டால் இருக்கிறது. அந்த அம்மாவிடம் போய், “டிவி குழந்தைக்கு நல்லதா?” என்று கருத்துக் கேட்டால் என்ன சொல்வாள்? ‘நல்லதில்லைன்னு தெரியும்’ என்பாள். தெரியாமல் போடவில்லை. அமெரிக்காவில் 21 சதவீதம் பேர் சொன்ன பதில்தான், ஆனால் இவளுக்கு அது வசதி சம்பந்தப்பட்டதில்லை, அன்றைய அரிசி சம்பந்தப்பட்டது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே, பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. முதலில் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் என்றிருந்ததை 1976-ல் முப்பதாகக் குறைத்தார்கள். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். ஆணோ பெண்ணோ, ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் என்றும் சேர்த்தார்கள். நல்ல சட்டங்கள். ஆனால் இதெல்லாம் கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தைக்கிறவள் எந்தத் தொழிற்சாலை? அவளோடு சேர்த்து வேலை செய்யும் ஐம்பது பேர் ஐம்பது வீட்டில் இருக்கிறார்கள்.

அங்கன்வாடி இருக்கிறதே? இருக்கிறது, தமிழ்நாட்டில் அது மற்ற மாநிலங்களைவிட நன்றாகவே நடக்கிறது. ஆனால் பிள்ளையைக் கொண்டுபோய் விட ரெண்டு வயசு ஆக வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் சத்துமாவு பாக்கெட் மட்டும் வீட்டுக்கு வரும். கணக்கைப் பாருங்கள். டாக்டர் ரெண்டு வயசு வரை டிவி கூடாது என்கிறார். அங்கன்வாடி ரெண்டு வயசு வரை வராதே என்கிறது. மகப்பேறு விடுப்பு, அதுவும் கிடைக்கிறவர்களுக்கு, ஆறு மாதத்தோடு சரி. ஆறு மாதத்துக்கும் இருபத்துநாலு மாதத்துக்கும் நடுவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயா இருந்தால் பிழைத்தது. இந்த ஊர்களில் நிறைய ஆயாக்களே தைக்கிறார்கள், பீடி சுற்றுகிறார்கள். முன்பெல்லாம் அக்காக்காரி இருப்பாள். அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், அங்கேதான் இருக்க வேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பேச்சு வரவில்லை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனால், எங்கேயும் இப்போது முதல் கேள்விகளில் ஒன்றாகக் கேட்பது, “டிவி, செல்போன் எவ்வளவு நேரம்?” எல்லாப் பேச்சுத் தாமதத்துக்கும் திரை காரணமில்லை, காது கேளாமை இருக்கலாம், வேறு ஏதாவது இருக்கலாம், அதனால்தான் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுக்கொண்டு பாதி நேரத்தைக் குறைத்துச் சொல்கிற அம்மாவை நான் குற்றவாளியாகப் பார்க்க மாட்டேன்.

ரெண்டு வயசு முடிந்து அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்தாலும் கதை முடியவில்லை. அங்கே சோறு போட்டு, தூங்கவைத்து, பிற்பகல் மூணரை, நாலு மணிக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கம்பெனி பஸ் ஊருக்குள் திரும்புவது இருட்டுகிற நேரத்தில். நடுவே ரெண்டு, மூணு மணி நேரம் இருக்கிறது. சில வீடுகளில் அந்த நேரத்துக்கு இன்னும் அதே பதினாலு இன்ச் பெட்டி ஓடுகிறது. பல வீடுகளில் சொம்பின் மேல் சாய்த்துவைத்த செல்போன்.